கண்மாயில் சிக்கிய கெளுத்தி புது இனமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்தது. ஊத்தாவில் சிக்கிய கெளுத்திகளில் ஒன்றுக்கு மட்டும் உடம்பில் கோடே இல்லை, மீசையும் நீளம். இது புது இனமாக இருக்குமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: கோட்டை நம்பாதீர்கள். கலங்கல் தண்ணீரில் கிடக்கும் மீன் வெளுத்துப்போகும், செத்தபின் கோடு மங்கும். மீசைதான் முக்கியம். அதை உடம்போடு ஒட்டிப் பின்னால் இழுத்துப் பாருங்கள், எந்தத் துடுப்புவரை எட்டுகிறது? முதுகில் எலும்பில்லாத கொழுப்புத் துடுப்பு முன்துடுப்பைத் தொட்டுக்கொண்டு தொடங்குகிறதா, இடைவெளி விட்டா? பக்கத்து முள்ளில், அதாவது கையில் குத்துமே அந்த முள்ளில், ரம்பப் பல் எத்தனை? மண்டை ஓட்டின் நடுப்பள்ளம் எதுவரை ஓடுகிறது? ஆய்வாளர்கள் இதையெல்லாம் ஒரு மீனில் இல்லை, பல மீன்களில் அளந்து, முதுகெலும்பை எக்ஸ்ரேயில் எண்ணுகிறார்கள்.

அப்புறம்தான் பெரிய வேலை. ஏற்கெனவே பெயர் வைத்த மீன்களோடு ஒப்பிட வேண்டும். நம் ஊர்களில் கிடைக்கும் கோட்டுக் கெளுத்திக்கு 1794-இல் பிளாக் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தார், அந்த மீன் போனது தரங்கம்பாடியிலிருந்து. ஆக உங்கள் மீன் புதிது என்று சொல்ல, முதலில் தரங்கம்பாடி மீன் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மரபணுவில் பெரும்பாலும் பார்ப்பது சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு. அது தாய் வழியாக மட்டுமே வருவதால், இரண்டு இனம் கலந்த குட்டியைத் தவறாகக் காட்டிவிடும். அதனால் மரபணுவை மட்டும் வைத்துப் புது இனம் என்று அவசரப்படுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் எலும்பு கைவிடும் இடமும் உண்டு. கேரளத்தில் செம்புறைப் பாறைக்கு அடியில் ஓடும் நிலத்தடி நீரில், கிணற்றுத் தண்ணீரோடு மேலே வரும் கண்ணில்லாத சிவப்புக் கெளுத்திகள் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. 2023-இல் அவற்றிலிருந்து ஹோராகிளானிஸ் பாப்புலி என்ற புது இனத்தைப் பிரித்துக் காட்டியது மரபணுதான். பாப்புலி என்றால் மக்களுடையது என்று பொருள், ஊர் மக்கள்தான் மீனையும் தகவலையும் கொடுத்தார்கள்.

அடுத்த முறை அப்படி ஒன்று சிக்கினால் குழம்புக்குப் போவதற்குள் ஸ்கேலை ஒட்டி வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கண்மாயின் பெயரையும் தேதியையும் எழுதி, மீனை ஃப்ரீசரில் போட்டு, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்குக் கொடுங்கள். தயவுசெய்து முழு மீனையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், உடம்பு கெடாது, ஆனால் மரபணு சிதைந்துவிடும். அவர்கள் முதலில் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி எத்தனாலில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.