ஜவ்வைக் கையால் உள்ளே தள்ள முடியுமா? மும்பை வாசகர்களின் வலிக் கேள்விகள்

எட்டு மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இடுப்புப் பகுதியின் எல்4, எல்5 முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. ஆஸ்டியோபதி (தசையையும் மூட்டையும் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சை) மையம் ஒன்றில், இருபது அமர்வுகளில் கையாலேயே உள்ளே தள்ளிவிடுவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா? (52 வயது, மாட்டுங்கா)

கட்டாதீர்கள். கைச்சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்குறுதி பொய். ஜவ்வு இருப்பது தடித்த தசைகளுக்கும் எலும்புக்கும் பின்னால், வெகு ஆழத்தில். முதுகின் மேல் அழுத்தி அதை இடம் மாற்றும் வலு எவர் விரலுக்கும் கிடையாது.

அறிக்கையைப் பார்த்தும் இவ்வளவு பயப்பட வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன் கணிப்புப்படி, 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருக்கிறது. நரம்பைத் தொடும் அளவுக்கு வெளியே வந்த ஜவ்வுகூடப் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் கை என்னதான் செய்கிறது? இறுகிய தசை தளர்கிறது. வலி சில மணி நேரமோ சில நாட்களோ தணிகிறது. குனிந்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் விலகுகிறது. அந்த அவகாசத்தில் நீங்கள் நடக்கவும், முதுகுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்யவும் தொடங்க வேண்டும். தொடங்கினால் பலன் தங்கும். கட்டிலில் படுத்துச் சிகிச்சை வாங்கிக்கொண்டு வீட்டில் மறுபடி படுத்துக்கொண்டால் தங்காது. நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள்: ரயில்வே மேம்பாலத்தில் உட்காராமல் ஏற முடிகிறதா? சி.எஸ்.எம்.டி. நிலையம் வரை ரயிலில் நின்றுகொண்டு போக முடிகிறதா? மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள்.

தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லையென்றாலோ எந்தச் சிகிச்சையாளரையும் தேடாமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

ஆஸ்டியோபதி செய்பவர் டாக்டரா? (செம்பூர்)

நாட்டைப் பொறுத்தது. 1874இல் இந்த முறையை வகுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அங்கே இன்று இதில் பட்டம் பெறுபவர்கள் மருந்து எழுதவும் அறுவைச் சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற கைச்சிகிச்சையாளர்கள். நம் ஊரில் பெரும்பாலும் பிசியோதெரபி படித்தவர்கள் இதைக் கூடுதல் பயிற்சியாகக் கற்றுக்கொள்கிறார்கள். அடிப்படைப் பட்டம் எது, எத்தனை ஆண்டு படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் முதுகைக் கொடுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். நாள் முழுக்க இடுப்பு பெல்ட் போட்டிருக்கிறார். கைச்சிகிச்சைக்கு அழைத்துப் போகலாமா? (தாராவி)

நாட்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதுகை இழுத்துப் பிடிக்கும் இழுவைச் சிகிச்சையும் அதே வேண்டாத பட்டியலில் இருக்கிறது. பரிந்துரைக்கத் தக்கவையாக அது சொல்வதில் உடற்பயிற்சி, மசாஜ், முதுகெலும்புக் கைச்சிகிச்சை எல்லாம் உண்டு. ஆகவே அழைத்துப் போகலாம். ஆனால் முதலில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கக்கூடும். சட்டென்று உதறித் தள்ளும் முறை அந்த எலும்பை முறித்துவிடலாம். மென்மையான முறைகள் மட்டும் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெல்ட்டை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். சுகமாக இருக்கிறது. தப்பா? (சயான்)

தப்புதான், இன்றோடு விடுங்கள். அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்கு வரும் சத்தம் அல்ல. மூட்டுத் திரவத்துக்குள் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழி உருவாகும்போது எழுவது. கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறுகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். அரிதென்பதற்காக ஐந்து நிமிடச் சுகத்துக்கு இந்த ஆபத்தை ஏற்க நான் சம்மதிக்க மாட்டேன். பயிற்சி பெற்றவரிடமும் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உண்டு. வலது தோள் இறுகி, பின்னால் கை போகவில்லை. (செம்பூர்)

தோள் உறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. ஒன்று முதல் மூன்று ஆண்டு இழுக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் மோசமாகும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, வலி தாங்கும் எல்லைக்குள் மட்டும் அசையுங்கள்.

தம்பிக்கு 23 வயது. இரண்டு மாதமாக நடு முதுகில் வலி, ராத்திரியில் அதிகம். மாலையில் லேசான காய்ச்சல், எடையும் குறைகிறது. எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறோம். (தாராவி)

நீவுவதை உடனே நிறுத்துங்கள். இது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அரித்த எலும்பை அழுத்தினால் தண்டுவடம் நசுங்கக்கூடும். சயான் மாநகராட்சி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். இந்த வாரமே அழைத்துப் போய், காய்ச்சலையும் எடைக் குறைவையும் மறக்காமல் சொல்லுங்கள். காசநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே குணமாகிறது. கால் பலவீனமாகவோ நடை தடுமாறவோ தொடங்கியிருந்தால் வாரம் வரை காத்திருக்காமல் இன்றே புறப்படுங்கள்.