ரிக்கற்றில் எழுதாத சொல்லுக்குக் குறியீடு இல்லை

குடியை நிறுத்தியவுடன் வரும் வலிப்பு பற்றி இம்முறை பல கேள்விகள் வந்திருக்கின்றன. வன்னி வைத்தியசாலைகளின் பதிவேட்டு அறைகளில் கன வருசம் ஐ.சி.டி. என்ற நோய்க் குறியீட்டுப் புத்தகத்தோடு இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து பற்றிய முடிவு எப்போதும் உங்கள் வைத்தியருடையது.

ரிக்கற்றில் (நோயாளியின் விடுதிக் குறிப்பேட்டில்) ‘ஃபிட்ஸ், நாட்பட்ட குடி’ என்று மட்டும் வைத்தியர்கள் எழுதித் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எஃப்10.31 போடலாமா? (பதிவேட்டு உதவியாளர், கிளிநொச்சி)

போடக்கூடாது, தம்பி. எஃப்10.3 மது விலகல் நிலை, அதாவது குடியை விட்டதால் உடம்பில் வரும் கோளாறு. அதில் 10.30 சிக்கலில்லாதது, 10.31 வலிப்போடு வந்தது. ‘விலகல்’ என்ற சொல்லை வைத்தியர் எழுதினால்தான் அந்தக் கதவு திறக்கும். குடிக்கிறவருக்கு வந்த வலிப்பெல்லாம் குடியை விட்டதால் வந்த வலிப்பு ஆகிவிடாது. சீனி இறங்கினாலும் வரும், விழுந்து தலை அடிபட்டாலும் வரும்.

அதற்காக ‘காரணம் குறிப்பிடாத வலிப்பு’ என்ற ஆர்56.8 ஐ உடனே போட்டு ரிக்கற்றை மூடிவிடவும் வேண்டாம். தாதியரின் குறிப்பை வாசியுங்கள். கை நடுக்கம், வியர்வை எழுதியிருக்கா? மருந்துத் தாளில் விலகலுக்குக் கொடுக்கும் டயசிபாம் இருக்கா? எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக எப்போது குடித்தார்? விலகல் வலிப்பு பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். ஒரு ரிக்கற்றின் ஓரத்தில் ஒரு தாதி பென்சிலால் ‘கடைசி, சனி பின்னேரம்’ என்று எழுதியிருந்தா. வலிப்பு வந்தது திங்கள் விடியப்புறம். அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து ஒரு சொல் சேர்த்துக் கையொப்பம் வைத்தார். குறியீடு ஆரிலிருந்து எஃப்புக்கு மாறியது. நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, கேட்பது நம் வேலை.

‘மதுவுடன் தொடர்புடைய வலிப்பு’ என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். அந்தச் சொல் ஜி40.5 இன் கீழ் இருக்கிறது, அதாவது காக்கைவலிப்பு (திரும்பத் திரும்ப வரும் வலிப்பு நோய்) என்ற பிரிவுக்குள். விலகலா, வேறா என்று கேட்காமல் அதைப் போடாதீர்கள்.

உளறலும் வலிப்பும் சேர்ந்து வந்தால் இரண்டு குறியீடா? (தாதிய மாணவி, வவுனியா)

குடியை விட்டதால் வந்தது என்றால் ஒன்றே போதும், எஃப்10.41. வலிப்பில்லாத உளறல் 10.40. இந்த உளறல் நிலை வழக்கமாக இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் தொடங்கும், உயிரையும் எடுக்கும். மதுவில் தங்கியிருத்தலை (குடியில்லாமல் இருக்க முடியாத நிலையை) வைத்தியர் எழுதியிருந்தால் எஃப்10.2 ஐக் கூடவே சேர்க்கலாம். ஆனால் அனுமதிக்கக் காரணம் விலகல் என்றால் முதன்மை நோயாக விலகல்தான் நிற்க வேண்டும்.

நான் ஒன்லைனில் அமெரிக்கக் குறியீடு படிக்கிறேன். அதில் 10.31 ஐக் காணவில்லையே? (செட்டிகுளம்)

அமெரிக்கர்களுடையது ஐ.சி.டி.-10-சி.எம். என்ற தனிப் பதிப்பு, தங்கச்சி. அங்கே தங்கியிருத்தலோடு வரும் விலகல் எஃப்10.23 இன் கீழ் வரும்: 230 சிக்கலில்லாதது, 231 உளறலோடு, 232 புலன் மயக்கத்தோடு, 239 குறிப்பிடாதது. வலிப்புக்கென்று இலக்கம் இல்லாததால் ஆர்56.9 ஐப் பக்கத்தில் சேர்ப்பார்கள். பரீட்சைக்கு அதைப் படியுங்கள், இங்கத்தைய படிவத்தில் அதை எழுதவேண்டாம். 2022 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 இல் வலிப்போடு வரும் விலகலுக்குத் தனி இடமே இருக்கிறது, 6சி40.42.

கசிப்புக்கு வேறு குறியீடா? (மல்லாவி)

இல்லை. கள்ளு, சாராயம், கசிப்பு எல்லாமே எஃப்10 தான். மெதனோல் கலந்து நஞ்சானால் மட்டும் ரி51.1. கண் மங்குகிறது என்றால் ஒரு நிமிசமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

அண்ணாவுக்கு 2009 இல் தலையில் செல் (எறிகணை) துண்டு பட்டது, இன்னும் உள்ளே இருக்கு. குடிக்கிறவர். ஒவ்வொரு முறையும் ‘குடி வலிப்பு’ என்றே எழுதுகினம். (புதுக்குடியிருப்பு)

இந்தக் கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. சாராய மணம் வந்தவுடன் எங்கள் கண் தழும்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. மூளைக் காயத்தின் வடுவே வலிப்பைக் கிளப்பும். குடிக்காத கிழமையிலும் வருகிறதா, ஒரு பக்கக் கையிலோ காலிலோ தொடங்குகிறதா என்று வீட்டில் ஒரு கொப்பியில் திகதி, நேரம், கடைசியாகக் குடித்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். பழைய ஸ்கான் படத்தோடு அதைக் கிளினிக்கில் காட்டுங்கள். காயத்தால் வந்த காக்கைவலிப்பு என்று வைத்தியர் முடிவு செய்தால் ஜி40 உடன் தலைக்காயத்தின் பின்விளைவுக்கு ரி90.5, போரின் பின்விளைவுக்கு வை89.1 வரும். அந்தக் கடைசிக் குறியீட்டைப் பாவிக்க வேண்டிய மண் இது. பதிவேட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அதை மறக்கவே கூடாது.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேத்தி வைச்சு இவர் குடியை ஒரேயடியா விட்டவர். ரெண்டாம் நாள் வலிப்பு. வைத்தியசாலை தந்த காட்டில் (அட்டையில்) குடியைப் பற்றி எழுதியிருக்கினம். ‘அதை அழிச்சு வெறும் வலிப்பெண்டு எழுதித் தரச்சொல்லு’ எண்டு மாமி நிற்கிறா. (முள்ளியவளை)

மாமியின் வெட்கம் விளங்குகிறது, தங்கச்சி. ஆனால் அழிக்கக் கேட்காதீங்கோ. வெறும் வலிப்பு என்று எழுதினால் அடுத்த வைத்தியர் காக்கைவலிப்பு என்று நினைக்க இடமுண்டு. விலகலால் மட்டும் வந்த வலிப்புக்குப் பொதுவாக நீண்டகால வலிப்பு மாத்திரை தேவைப்படாது. இல்லாத நோய்க்கு மாத்திரை, சாரதி அனுமதிப்பத்திரத்தில் கேள்வி, ‘வலிப்புக்காரன்’ என்ற ஊர்ப்பேச்சு. எந்தப் பெயர் பாரம் கூட என்று மாமியையே கேளுங்கோ.

இன்னொன்றும் இருக்கு. நாளைக்கு மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து சத்திரசிகிச்சை விடுதியில் படுத்தால், அங்கே குடி கிடையாது. மூன்றாம் நாள் உளறத் தொடங்குவார். காட்டில் அந்த ஒரு வரி இருந்தால் வைத்தியர் முதல் நாளே விழித்துக்கொள்வார், தயமின் என்ற பி1 விற்றமினை நேரத்தோடு ஏற்றுவார். அது பிந்தினால் மூளையைப் பாதிக்கும் வேர்னிக்கே நோய் வரலாம்.

நேத்தி நல்லது, தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் நாள்தோறும் குடித்த உடம்பு ஒரேயடியாக விடுவதைத் தாங்காது. அவர் திரும்பக் குடித்து, பிறகு விட நினைத்தால், அதற்கு முதலே மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மனநல உதவி இலக்கமான 1926 க்கு எடுத்தும் கேட்கலாம். வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கோ, வாய்க்குள் கரண்டியோ சாவியோ வைக்க விடாதீங்கோ, 1990 அம்புலன்ஸை அழையுங்கோ. வருகிறவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை.