பச்சைக்கு அடியில் என்ன நிறம்?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் தாத்தா 1968-இல் கட்டிய வீடு எங்களுடையது. இரும்பு ஜன்னல்களில் பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். பழைய பெயிண்டில் ஈயம் இருக்குமாமே? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: மெஷினை வாசலோடு திருப்பி அனுப்புங்கள், அம்மா. முப்பது வருடம் இதே ஊரில் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்தவன் நான். அந்தத் தூசியை வாயால் ஊதிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இட்லி தின்றவன். ஈயம் தூளானால்தான் வினை. தரையில் தவழ்ந்த விரலைக் குழந்தை வாயில் வைத்தால் போதும். மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும்.

ஒரு மூலையை ஈரமாக்கி பிளேடால் கீறிப் பாருங்கள். இரும்பை ஒட்டிச் செங்காவி தெரிந்தால் அது ரெட் ஆக்சைடு, அதாவது துருவைத் தடுக்க முதலில் பூசும் காவி பிரைமர்; பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் ஈயத்தால் ஆன செந்தூரப் பிரைமராக இருக்கலாம். காவியைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள், மேலே உள்ள பச்சையிலும் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வேலை முடியும்வரை குழந்தையை உறவினர் வீட்டில் விடுங்கள். கடற்காற்று எழுமுன், காலையிலேயே தொடங்குங்கள். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் தரையில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். உரிந்ததை மட்டும் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, வாட்டர் பேப்பரால் (தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாள்) நனைத்தே தேய்க்க வேண்டும். தீயால் பொசுக்கி உரிக்கவே கூடாது. மூக்கில் துண்டு கட்டினால் பயனில்லை, என்-95 முகக்கவசம் வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சுரண்டியதைப் பையில் கட்டிவிடுங்கள், எரிக்காதீர்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

நம் ஊர் உப்புக்காற்றில் நனைந்த இரும்பு சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும். எனவே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் அன்றே பிரைமர். ஒரு நாளைக்கு இரண்டு ஜன்னலுக்கு மேல் எடுக்காதீர்கள். மூடும்போது கதவும் சட்டமும் உரசும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே பூச்சு தடித்தால் தினமும் தூள் கொட்டும்.

ஏற்கெனவே உலர்வாகச் சுரண்டியிருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். பெயிண்டர் முகம் சுளிப்பார். கூடுதல் நாட்கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.