அந்த பி.இ. வேறு, இந்த பி.இ. வேறு

தம்பி, குடிநீர் வாரியத்தில் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், மனைவிக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்திருக்கிறது, எனக்கும் அங்கே தண்ணீர்த் துறையிலேயே வேலை அமையுமா, வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை அதிகம். பள்ளிக்கூடம் நீங்கள் குடியிருக்கும் தெருவைப் பொறுத்தது. இதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேலைக்கு வருகிறேன்.

ஊரில் வாங்கிய பி.இ. (B.E.) பட்டம் வேறு, இங்கே கேட்கிற பி.இ. (P.E., Professional Engineer) உரிமம் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், சம்பளத்தில்தான் வித்தியாசம் தெரியும். முதலில் எஃப்.இ. என்ற அடிப்படைப் பொறியியல் தேர்வு, பிறகு பி.இ. தேர்வு, அதற்கு மேல் கலிஃபோர்னியாவில் சிவில்காரர்களுக்கு மட்டும் நிலநடுக்கத்துக்கு ஒன்று, நில அளவைக்கு ஒன்று. நிலநடுக்கத்தில் நான் முதல் தடவை ஊற்றிக்கொண்டேன். வந்ததும் படிக்க ஆரம்பித்துவிடுங்கள், "செட்டில் ஆகிட்டு எழுதலாம்" என்றவர்கள் இன்னும் வரைபடம் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், வேலை அனுமதி கையில் இருக்க வேண்டும், பல குடிநீர் அமைப்புகள் விசாவுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை.

நான் 2002இல் வந்தேன். ஊரில் நாலு பேர் சார் சார் என்று பின்னால் வருவார்கள். இங்கே மூன்று வருடம், என்னைவிடப் பத்து வயது சின்னவன் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்ததைக் கணினியில் வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருளில் திருத்தினேன். முதல் நேர்முகத்தில் டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்று சொல்லிவிட்டேன், மூன்று பேரும் முழித்தார்கள். இங்கே ஏக்கர் அடி, ஒன்றுக்குச் சுமார் 12.3 லட்சம் லிட்டர். நம்ம செம்பரம்பாக்கம் 3.6 டி.எம்.சி. என்றால் இங்கே டைமண்ட் வேலி ஏரி மட்டும் 8 லட்சம் ஏக்கர் அடி, கிட்டத்தட்ட 35 டி.எம்.சி. மனக்கணக்காக மாற்றப் பழகிக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் நண்பர்கள் "இன்னும் குழாய் வேலைதானா?" என்று சிரிப்பார்கள். 2009 பொருளாதார மந்தத்தில் அதே ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று போன் செய்தார்கள். நம் சிவில் ஆட்களும் லேசில்லை, கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுப் பதவி உயர்வு வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை பிரியாணி விருந்தில் புலம்புவார்கள்.

அப்போது நான் வேலை பார்த்த குடிநீர் அமைப்பில் பம்ப், சுத்திகரிப்பு எல்லாம் மற்றவர்களுக்குப் போனது, எனக்கு ஏரியில் படகு இறக்கும் ரேம்ப், அதாவது கான்கிரீட் சரிவுப் பாதை. ஓரங்கட்டுகிறார்கள் என்று இரவெல்லாம் தூக்கமில்லை. இங்கே பல குடிநீர் ஏரிகளில் நீந்தக் கூடாது, படகு விடலாம். படகுக்காரர் ஊற்றும் பெட்ரோல் வரியிலிருந்துதான் மாநிலம் ரேம்ப் கட்ட மானியம் கொடுக்கிறது, அதனால் ஏரி அவருடைய சொந்த வீட்டுக் கிணறு மாதிரி பேசுவார். பொதுக்கூட்டத்தில் ஒரு மீன்பிடிக்கிற பெரியவர் எழுந்து, நீ எப்போதாவது படகு இறக்கியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சனிக்கிழமை வா என்றார்.

போனேன். சரிவு சுமார் 15 சதவீதம், கான்கிரீட்டில் டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரி வரியாகப் பள்ளம், அதெல்லாம் என் வரைபடத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏரி நிரம்பியிருக்கும்போது பார்த்து வரைந்த நீளம் அது. தண்ணீர் இறங்கினால் ரேம்ப் சேற்றில் முடியும். இன்னும் கீழே நீட்டச் சொல்லி வாதாடி வாங்கினேன். பின்னால் வறட்சியில் அவ்வளவு பெரிய டைமண்ட் வேலியிலேயே ரேம்பை மூட வேண்டியதானது, எங்களுடையது கூடுதலாக ஒரு கோடை ஓடியது. அதற்குப் பிறகுதான் அலுவலகத்தில் என் பெயரைச் சரியாக உச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

2007 ஜனவரியில் நெவாடா, அரிசோனா எல்லையில் இருக்கும் மீட் ஏரியில் குவாகா சிப்பி கண்டுபிடித்தார்கள், குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு அடைக்கிற சனியன், படகில் தேங்கிய தண்ணீரோடு ஏரிக்கு ஏரி தாவும். அன்றிலிருந்து படகை இறக்குவதற்கு முன் சோதனை: அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று காட்ட வேண்டும். 2024இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்கச் சிப்பி (golden mussel) என்று இன்னொரு சனியனும் வந்து சேர்ந்தது.

படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லரைப் பின்னால் எடுக்கவும் அந்தப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார்: ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம் பிடி, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. 2010இல் நானே ஒரு பழைய படகு வாங்கினேன். முதல் நாள் சோதனையில் திருகைக் கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். கரையிலிருந்து ஐம்பது அடி போவதற்குள் கணுக்கால் வரை தண்ணீர், குதித்துத் தள்ளித்தான் கரைக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரில் உடம்பு படக் கூடாது என்று அங்கே நிற்கிற பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததே நான்தான்.