நவம்பரில் லாப்லாந்து போனால் வட ஒளி தெரியுமா, பணம் வீணாகுமா?

"நவம்பரில் நாலு நாள் லீவு. பின்லாந்தின் வடக்கே, லாப்லாந்தில் இருக்கும் இனாரிக்கு வட ஒளி (அரோரா) பார்க்கப் போகலாமா? எல்லோரும் பிப்ரவரிதான் சரி என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட் போட்ட பிறகு யாரோ வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. கேன்சல் செய்ய வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்தான். அதை மறுத்து யாரோடும் சண்டை போடப் போவதில்லை. ஆனால் "நவம்பர் வேஸ்ட்" என்பது, இரண்டு ராத்திரி தங்கி ஹோட்டல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களின் தீர்ப்பு. அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை.

பின்னிஷ் மொழியில் நவம்பர் என்றால் 'மர்ராஸ்கூ'. மர்ராஸ் என்பது செத்ததைக் குறிக்கும் பழைய சொல். செப்டம்பரின் செம்மஞ்சள் இலைகள் உதிர்ந்தாயிற்று, கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் வரவில்லை. அதனால் மாத முதல் பாதியில் அறை வாடகை குறைவு, சில டூர் கம்பெனிகள் மூடியும் கிடக்கும். நவம்பர் நடுவில் லெவி என்ற ஊரில் உலகக் கோப்பை ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும் வார இறுதியில் மட்டும் அந்தப் பக்கம் அறை தேடாதீர்கள். அந்தப் போட்டியில் ஜெயிப்பவருக்கு ஒரு ரெயின்டீரைப் பரிசாகக் கொடுப்பார்கள். பெயர் வைப்பது ஜெயித்தவர், தீனி போட்டு வளர்ப்பது உள்ளூர்ப் பண்ணை.

இருட்டுக்குப் பஞ்சமே கிடையாது. இனாரியில் நவம்பர் 1 அன்று பகல் ஏறக்குறைய 7 மணி நேரம். மாதக் கடைசியில் அது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். இன்னும் வடக்கே உட்ஸ்யோக்கியில் நவம்பர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பத் தலைகாட்டும். இந்தக் காலத்துக்கு 'காமோஸ்' என்று பெயர். அப்போதும் நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், கும்மிருட்டு என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் எதிரி மேகம். இனாரி ஏரி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அது உறையும்வரை தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து, தாழ்வான சாம்பல் மேகமாக ஊர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். உறைந்துவிட்டால் அந்த ஊற்று அடைபடும். அதனால் மாத முதல் பாதியில் ஏரிக்கரையில் நிற்பதை விட, ஏரியை விட்டு விலகி 40, 50 கிலோமீட்டர் காரில் போகத் தயாராக இருப்பது நல்லது. பின்லாந்து வானிலை ஆய்வு நிலையத்தின் தளத்தில் மேக முன்கணிப்பு வரைபடம் இருக்கிறது. மாலை 5 மணிக்கு ஒருமுறை, 8 மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். எந்தத் திசையில் ஓட்டை விழுகிறதோ அந்தத் திசையில் வண்டியைத் திருப்புங்கள். உயரத்தில் மெல்லிசாகப் படரும் மேகம் என்றால் கவலை இல்லை, பலமான ஒளி அதன் வழியே தெரியும். தாழ்வான மேகம் என்றால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது கேபி எண். செயலியில் "கேபி 2" என்று காட்டியதும் "இன்றைக்கு ஒன்றுமில்லை" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள். கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்ட, உலகெங்கும் உள்ள 13 காந்தமானி நிலையங்களின் அளவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகக் கணக்கிடும் எண். தெற்கே ஹெல்சின்கியில் இருப்பவருக்கு அது உதவும். இனாரி, துருவத்தைச் சுற்றி வட ஒளி எழும் வளையத்தின் அடியிலேயே இருக்கிறது. அங்கே கேபி 1, 2 போதும். உருப்படியாகப் பார்க்க வேண்டியது பிஇசட் என்ற அளவு: சூரியக் காற்றோடு (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பது. அது மைனஸில், அதாவது தெற்கு நோக்கி, அரை மணி நேரம் நின்றால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். அளக்கும் விண்கலம் சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நொடிக்கு 400 கிலோமீட்டரில் வரும் காற்று அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பும் அவ்வளவுதான். "அடுத்த வியாழக்கிழமை வட ஒளி உறுதி" என்று விற்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லை. சூரியப் புயல் என்றாலே நம் செய்திச் சேனல்கள் "பூமி இருளில் மூழ்கும், செல்போன் வேலை செய்யாது" என்று சிவப்பு எழுத்தில் அலறுகின்றன. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது. ஏன் சிவப்பு மட்டும்? பச்சை எழும்புவது 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில், சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலே. தூரத்திலிருந்து பார்த்தால் பூமியின் வளைவு கீழே உள்ள பச்சையை மறைத்துவிடும், தலைப்பகுதி மட்டும் தெரியும். இவ்வளவு அழகான விஷயத்தை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம், செய்தார்களா?

சரி, ராத்திரிக்கு வருவோம். 9 மணியிலிருந்து 1 மணிவரை முக்கியமான நேரம். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தாலும் அந்தக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதனால் தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் வையுங்கள். முதலில் வடக்கே தாழ்வாக வெளிறிய வில் ஒன்று தெரியும். கண்ணுக்கு அது பெரும்பாலும் சாம்பல்தான், மேகம் என்று ஏமாந்துவிடுவோம். போனில் மூன்று விநாடி படம் எடுங்கள். பச்சையாக வந்தால் வட ஒளி. அதன் ஊடே நட்சத்திரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அந்த வில் மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். திடீரென்று பிரகாசமாகி, மடிப்பு மடிப்பாக உடைந்து, அடி விளிம்பில் ரோஜா நிறம் ஓடி, உச்சந்தலைக்கு மேல் விசிறும். பத்து இருபது நிமிடத்தில் ஆட்டம் அடங்கி, வானம் திட்டுத் திட்டாகத் துடிக்கும். முடிந்தது என்று கிளம்பாதீர்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி வரலாம். இதற்கு அந்த ஊர்ப் பெயர் 'ரெவொன்துலெத்', நரித்தீ. நரி ஓடும்போது வாலால் பனியைத் தட்டி வானத்தில் பொறி பறக்க விடுகிறதாம்.

கேமரா: மேனுவல் மோட், எஃப் 2.8 அல்லது லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஷட்டர் 5 முதல் 10 விநாடி. ஆட ஆரம்பித்ததும் 2, 3 விநாடிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒளித்திரையின் மடிப்புகள் குழைந்து பச்சைக் கூழாகிவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, கேமராத் திரையில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். வளையத்தில் உள்ள முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. வைட் பேலன்ஸ் 3500 முதல் 4000 கெல்வின். லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள். வட ஒளியின் பச்சை ஒரே அலைநீளம் என்பதால், தட்டையான அந்தக் கண்ணாடியில் அது முன்னும் பின்னும் பட்டுப் படத்தின் நடுவில் வட்ட வட்டமாகக் கோடு விழும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை நீக்குவது பெரும்பாடு.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உதிரி பேட்டரி சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். திரும்பி வந்ததும் கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், உள்ளே எல்லாம் வேர்த்துவிடும். வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, அறையில் ஒரு இரண்டு மணி நேரம் வைத்த பிறகு திறங்கள்.

உடை பற்றிச் சுருக்கமாக: உடம்போடு ஒட்டிய அடுக்கு கம்பளி, பருத்தி வேண்டவே வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, பிறகு நடுக்கம்தான். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக, உள்ளே இரண்டு சாக்ஸ். இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். கோட்டில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டாயம் தொங்கட்டும்.

கார் எடுத்தால் ஆணி டயரா என்று கேட்டு வாங்குங்கள். பூஜ்யம் டிகிரியை ஒட்டி மழை பெய்த ராத்திரிதான் மைனஸ் 20-ஐ விட மோசம், தார் ரோடு போலவே தெரியும் கண்ணாடிப் பனி. ரெயின்டீர் ஒன்று குறுக்கே போனால் நின்றுவிடுங்கள், பின்னால் இன்னும் வரும். மோதிவிட்டால் அவசர எண் 112-க்குச் சொல்லியே ஆக வேண்டும், அவை எல்லாம் யாரோ ஒருவர் வளர்ப்பவை. படம் எடுக்கிறேன் என்று சாலையோரம் நிறுத்தாதீர்கள், பார்க்கிங் இடம்வரை போங்கள். நவம்பரில் ஏரிப் பனிமேல் கால் வைக்காதீர்கள். தெளிந்த கெட்டிப் பனி 5 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பார்கள். ஆனால் ஓடை கலக்கும் இடத்தில் அது 1 சென்டிமீட்டராக இருக்கும், மேலே விழுந்த பனி அதை மறைத்திருக்கும்.

அக்டோபர் 31-க்கும் நவம்பர் 6-க்கும் இடையில் வரும் சனிக்கிழமை புனிதர் அனைவர் திருநாள். உங்கள் தேதி அதில் விழுந்தால், மாலையில் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பனிக்கு நடுவில் கல்லறை ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி, யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், போனைப் பையிலேயே வையுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது மணி 6 கூட ஆகியிருக்காது, 8 மணி மேக வரைபடத்துக்கு நேரம் இருக்கும்.