சி.டி. ஸ்கேன் நார்மல், பிறகு எதற்கு எம்.ஆர்.வி.?

கேள்வி: என் தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு வாரமாக விடாத தலைவலி. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.வி. எடுக்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் இன்றே எடுத்துவிடுங்கள்.

கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு தமனிகள் நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகின்றன. சரி, அவ்வளவும் திரும்பி வர வேண்டுமே? அந்த வடிகால் பாதையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன்தான் எம்.ஆர்.வி.

மூளையின் சிரைகள் மெல்லிய சுவர் கொண்டவை, வால்வு கிடையாது. மூளையுறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களில் அவை போய்ச் சேரும். உச்சந்தலைக்கு நேர் கீழே, நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடுவது ஒரு பெரிய வாய்க்கால். பிடரியில் அது இடமும் வலமுமாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கி, கழுத்துச் சிரையில் கலக்கிறது. வழியில் எங்கே ரத்தம் உறைந்தாலும் பின்னால் தேங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். மூளைத் திசு பாதிக்கப்படாத கட்டத்தில் சி.டி. நார்மலாகவே தெரியலாம்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாதிருக்க, உடல் முன்கூட்டியே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டிவைக்கிறது. அது தணியக் குறைந்தது ஆறு வாரமாவது ஆகும். உடலில் நீர் வற்றினால் ஆபத்து இன்னும் கூடும்.

தங்கையிடம் ஒன்று கேளுங்கள்: படுத்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா? முதுகில் போட்ட மயக்க ஊசியால் வரும் தலைவலி படுத்தால் அடங்கும். வடிகால் அடைப்பில் படுத்தால், இருமினால், குனிந்தால் கூடும். எல்லோருக்கும் இது பொருந்தாது, இதை நம்பி ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். பார்வை மங்கல், வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் என எது வந்தாலும் அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டில் 'ஒரு பக்க வாய்க்கால் சிறியது' என்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான்.

உறைவு உறுதியானால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி, அப்புறம் சில மாதங்கள் வார்ஃபரின் போன்ற அதே வகை மாத்திரை. மூளையில் ரத்தக் கசிவு இருந்தாலும் பெரும்பாலும் ஹெப்பாரின் போடுவார்கள். குடும்பத்தார் பதறுவது இங்கேதான். அந்தக் கசிவே தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தால் வந்தது, வடிகால் திறந்தால்தான் அது அடங்கும். ஹெப்பாரினும் வார்ஃபரினும் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. வேறு மாத்திரை எழுதினால், பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.