‘ஃபெனஸ்ட்ரேஷன்’: எந்தத் துறையில் என்ன பொருள்? கேள்வி பதில்

கேள்வி: கட்டட வரைபடத்தோடு வந்த அட்டவணையில் ‘ஃபெனஸ்ட்ரேஷன்’ என்று ஒரு தலைப்பு. ஜன்னல் என்றே போட்டிருக்கலாமே?

பதில்: ஜன்னல் அதில் ஒரு பகுதிதான். கூரைக் கண்ணாடி, கண்ணாடிக் கதவு, கண்ணாடிச் சுவர் என வெளிச்சம் புகும் எல்லாத் திறப்புகளும் அதில் சேரும். அட்டவணையில் இரண்டு எண்களைப் பாருங்கள். யு-மதிப்பு, உள்ளும் வெளியும் வெப்பநிலை வேறுபடும்போது எவ்வளவு வெப்பம் கடக்கும் என்பதைச் சொல்லும். எஸ்.எச்.ஜி.சி. (சூரிய வெப்ப வரவுக் குணகம்), விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும். இரண்டுமே குறைவாக இருந்தால் வெப்பம் குறைவாகக் கடக்கும்.

ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு (வாட்/சதுர மீட்டர்·கெல்வின் அலகில்) ஏறக்குறைய 5.7. நடுவில் 12 மி.மீ. காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிக்கு அது சுமார் 2.8. கணக்கு பிசகுவது இங்கேதான்: விற்பவர் தருவது பெரும்பாலும் கண்ணாடியின் நடுப்பகுதிக்கான எண். வெப்பத்தடுப்பு இல்லாத அலுமினியச் சட்டம் வெப்பத்தை எளிதில் கடத்திவிடும். அதனால் சட்டம் உட்பட முழு ஜன்னலின் மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பரப்பையும் சட்டத்தோடு சேர்த்தே அளக்க வேண்டும். 4 மீ. × 3 மீ. சுவரில் 3 சதுர மீட்டர் திறப்பு இருந்தால் சுவரில் திறப்பின் விகிதம் 25%.

கேள்வி: பிராகில் ஆட்களை ஜன்னல் வழியே எறிந்தார்களே, அதற்கும் இதே சொல்லா?

பதில்: ஆமாம். லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் செயலர் ஒருவரையும் வெளியே வீசியதற்கு ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்று பெயர். மூவரும் பிழைத்தார்கள், முப்பதாண்டுப் போர் மூண்டது. நம் ‘ஜன்னல்’ வந்த வழி வேறு: போர்ச்சுகீசிய ‘ஜனேலா’, அதற்கு மூலம் கதவைக் குறிக்கும் லத்தீன் ‘யானுவா’.

கேள்வி: என் மான்ஸ்டெரா செடியின் இலையில் துளையே (‘ஃபெனஸ்ட்ரேஷன்’) விழவில்லை. இனி விழுமா?

பதில்: விரிந்துவிட்ட இலையில் விழாது. இலை மிகச் சிறிய குருத்தாக இருக்கும்போதே குறிப்பிட்ட இடங்களில் செல்கள் தாமாக மடிகின்றன. இலை பெருக்கப் பெருக்க அந்த இடங்கள் துளையாகின்றன. இளஞ்செடியின் இலைகள் துளையில்லாமல்தான் வரும். நேர் வெயில் படாத நல்ல வெளிச்சமும், பற்றி ஏற ஒரு கம்பமும் கொடுத்து, அடுத்தடுத்த இலைகளைப் பாருங்கள்.

கேள்வி: சிறுநீரகப் பாடத்தில் ‘ஃபெனஸ்ட்ரேட்டட்’ தந்துகி என்று வருகிறது. புரதத்தைத் தடுப்பது அந்தத் துளைகள்தானா?

பதில்: இல்லை. துளையின் விட்டம் 70–100 நானோமீட்டர். சிவப்பணு சுமார் 7,000 நானோமீட்டர் அகலம், அது நுழையாது. இரத்தப் புரதமான ஆல்புமினோ ஏறத்தாழ 7 நானோமீட்டர்தான், தாராளமாகப் போய்விடும். அதைப் பெரும்பாலும் மறிப்பவை துளைக்குப் பின்னால் உள்ள அடித்தளச் சவ்வும், தந்துகியைச் சுற்றியுள்ள போடோசைட் செல்களின் கால்களுக்கிடையே உள்ள பிளவுச் சவ்வும். அதனால்தான் போடோசைட் பழுதானால், துளைகள் சரியாக இருந்தும் சிறுநீரில் புரதம் இறங்குகிறது. மூளையின் பெரும்பாலான தந்துகிகளில் இந்தத் துளைகளே கிடையாது.

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் ‘ஃபெனஸ்ட்ரேட்டட்’ மூச்சுக்குழாய் போட்டிருக்கிறார்கள். எதில் கவனம் வேண்டும்?

பதில்: குழாயின் வளைவில் உள்ள துளை வழியாகக் காற்று மேலே குரல்நாணுக்குப் போகும், அவர் பேசலாம். குழாயின் வாயை மூடியால் அடைக்கும் முன், குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையான கஃபின் காற்றை முழுவதும் இறக்கியாக வேண்டும். உள்ளே துளையுள்ள உட்குழாய்தான் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மூச்சு முட்டும். சளி உறிஞ்சும்போது நேர்மாறு: துளையில்லாத உட்குழாயை மாட்டுங்கள். இல்லாவிட்டால் உறிஞ்சுகுழல் துளை வழியே வெளியேறி மூச்சுக்குழலின் சுவரைப் புண்ணாக்கும். முதல் சில தடவை செவிலியர் பக்கத்தில் இருக்கும்போதே செய்து பழகுங்கள்.

கேள்வி: காதிலும் ‘ஜன்னல்’ அறுவை உண்டாமே?

பதில்: முன்பு உண்டு. காதில் இயற்கையாகவே நீள்வட்ட ஜன்னல், வட்ட ஜன்னல் என்று இரண்டு. ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற காது நோயில் அங்கவடி எலும்பு இறுகி நீள்வட்ட ஜன்னல் முடங்கும். அதற்கு மாற்றாக உட்காதின் அரைவட்டக் குழாயில் புதுத் துளை போடும் ஒரே கட்ட முறையை ஜூலியஸ் லெம்பர்ட் 1938-இல் வெளியிட்டார். 1956-இல் ஜான் ஷியா அங்கவடியை எடுத்துவிட்டுச் செயற்கை உறுப்பு பொருத்திக் காட்டியபின் அந்த முறை வழக்கொழிந்தது.